பட்டாளத்துக் கரண்டும் சர்க்கார் கரண்டும்

1

என் மகள் மல்லிகா போன வாரம் பள்ளிக்கூடத்தில் ‘என் அப்பா’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். “என் அப்பா இந்தியப் பட்டாளத்தில் பன்னிரண்டு வருஷம் சண்டை போட்டார். அவருக்குப் பயமே கிடையாது. இப்போது ஆஸ்பத்திரியில் பல்பு மாற்றுகிறார்.” மூன்று வாக்கியம். மூன்றும் தப்பு. டீச்சர் மட்டும் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் ஒட்டி, “உன் அப்பாவை ஒரு நாள் வகுப்புக்கு வரச் சொல்” என்று எழுதியிருந்தார்.

“நான் சண்டையே போட்டதில்லையேம்மா” என்றேன்.

“அப்போ பட்டாளத்துல நீ என்னதான் பண்ணினே?” என்று கேட்டாள் அவள்.

என் மனைவி சுப்புத்தாய் அடுப்படியிலிருந்து, “அப்பாவை நீங்கன்னு சொல்லு” என்று சத்தம் போட்டாள். ஐந்து வயதில் இங்கே வந்த பிள்ளை. வந்தபோது ‘நீங்க’ என்றுதான் பேசினாள். இந்த ஊர்ப் பாஷையில் எல்லோருக்கும் ஒரே சொல். அந்தப் பழக்கத்தில் தமிழிலும் மரியாதை கழன்றுபோய்விட்டது. அவளுக்கு இப்போது பத்து வயது. திருத்தினால் ஒரு நாள் நிற்கும், மறுநாள் பழையபடி ஆகிவிடும்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலைகள் நிறைந்த ஒரு ஊர். வந்து ஐந்து வருஷம் ஆகிறது. இங்கே மழைக்கு யாரும் வாசலுக்கு வந்து பார்ப்பதில்லை. காலை ஆறரைக்குப் பஸ். ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியின் பின்புறத்தில் இருக்கும் பவர் அறைக்குள் நுழைவேன். வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்றால் உடனே ஓட்டுவதற்காக அங்கே இரண்டு பெரிய டீசல் ஜெனரேட்டர்கள் இருக்கின்றன. அவற்றின் எண்ணெயைப் பார்ப்பது, பாட்டரியைப் பார்ப்பது, வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவது என் வேலை. பல்பும் மாற்றுவேன்தான்.

மகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் பழைய நாட்களையெல்லாம் யோசிக்கும்படி ஆகிவிட்டது. அவளிடம் பாதிதான் சொன்னேன். மீதியை நம் ஊர்க்காரர்களுக்கு எழுதுகிறேன். இதில் வரும் ஆட்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

2

சாத்தூருக்குத் தெற்கே எங்கள் ஊர். கரிசல் காடு. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் பருத்தியும் கம்பும் போதும். எனக்கு விவசாயம் ஒட்டவில்லை. பதினெட்டு வயதில் மதுரைக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தேன். மெஷின் வேலையில் ஆர்வம் இருப்பதைப் பார்த்து எலெக்ட்ரீஷியன் பிரிவில் போட்டார்கள். துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் பன்னிரண்டு வருஷமும் கையில் இருந்தது ஸ்பானரும் டெஸ்டரும்தான். காம்ப் எங்கே போகிறதோ அங்கே ஜெனரேட்டரை இறக்கி, கம்பம் நட்டு, வயர் இழுத்து, விளக்குப் போட வேண்டும். மலையில் குளிரில் டீசல் கெட்டியாகிவிடும். எண்ணெயைச் சூடு காட்டி, எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தி, பிள்ளையை எழுப்புவதுபோல எழுப்ப வேண்டும். கூடார ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆளின் வயிற்றைத் திறந்து வைத்திருப்பார். அவர் தலைக்கு மேல் எரியும் விளக்கு என் பொறுப்பு.

காலம் முடிந்து சாத்தூர் ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டியோடு இறங்கியபோது எனக்கு முப்பது வயது. அப்பாடா என்று இருந்தது. அப்போது எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் மின்சாரம் வந்துகொண்டிருந்த நேரம். விருதுநகரில் ஆயில் மில், சிவகாசியில் அச்சாபீஸ், திருத்தங்கல்லில் தீப்பெட்டி ஆபீஸ் என்று எங்கே பார்த்தாலும் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கைக்கு வேலை இல்லாமலா போகும் என்று நினைத்தேன்.

நினைத்தது நடக்கவில்லை. விருதுநகரில் வேலைவாய்ப்பு ஆபீசில் பதிந்துவிட்டு ஐந்து மாதம் காத்திருந்தேன். வந்த ஒரே அழைப்பு ஒரு பாங்கில் காவல்காரன் வேலைக்கு. “பட்டாளத்து ஆளுன்னா காவலுக்குத்தானே கேப்பாக?” என்றார் அங்கிருந்த கிளார்க். வயரைத் தொடுவதற்கு லைசென்ஸ் வேண்டும், மதுரைக்குப் போங்கள் என்றும் சொன்னார்.

மதுரை ஆபீசில் என் டிஸ்சார்ஜ் புத்தகத்தை நீட்டினேன். முதல் வகுப்பு எலெக்ட்ரீஷியன் என்று முத்திரையோடு இருந்தது. அங்கிருந்த குமாஸ்தா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இது எங்க லிஸ்ட்ல இல்லையே.”

“பன்னெண்டு வருஷம் இதே வேலைதான் சார் பார்த்தேன்.”

“பார்த்திருப்பீங்க. அது பட்டாளத்துக் கரண்டு. இங்க இருக்கிறது சர்க்கார் கரண்டு. வெளியில ஒரு தொழிற்சாலையில ஒரு வருஷம் வேலை பார்த்து, முதலாளி கையெழுத்தோட சான்றிதழ் கொண்டு வாங்க. அப்புறம் பரீட்சை எழுதலாம்.”

“லைசென்ஸ் இல்லாம யார் சார் வேலை தருவா?”

“அது எங்க ஆபீஸ் விஷயம் இல்லையே” என்றார். கெட்ட மனிதர் இல்லை. டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று கடைக்கு வழிகூடக் காட்டினார்.

3

இங்கிலாந்திலும் ஆபீசுக்குக் குறைவில்லை. ஆனால் இங்கே என்னை அதிகம் படுத்தியது பாஷைதான். நான் பட்டாளத்தில் படித்தது இங்கிலீஷ் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், சமையல்கூடத்தில் ஃப்யூஸ் போய்விட்டது. ஓடிப்போய் அங்கிருந்த அம்மாளிடம், “கரண்ட் போய்விட்டது, இதோ கொண்டுவருகிறேன்” என்று இங்கிலீஷில் சொன்னேன். அந்த அம்மாள் பதறி அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டி, “போகவில்லையே, நிறைய இருக்கிறதே!” என்றார். உள்ளே உலர்ந்த திராட்சை. ரொட்டியில் போடுகிற சின்னத் திராட்சைக்கு இங்கே ஏறக்குறைய அதே உச்சரிப்பு. மின்சாரத்தை யாரும் கரண்ட் என்று சொல்வதில்லை. இன்றைக்கும் அந்த அம்மாள் என்னைக் கண்டால், “திராட்சை வந்துவிட்டதா?” என்றுதான் கேட்பார்.

மல்லிகாவின் வகுப்புக்குப் போனேன். முப்பது பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கூடாரத்தையும் ஜெனரேட்டரையும் குளிரையும் பற்றிச் சொன்னேன். முன்வரிசையில் ஒரு செம்பட்டைத் தலைப் பெண் கையைத் தூக்கி, “எத்தனை பேரைக் கொன்றீர்கள்?” என்று கேட்டாள். டீச்சரின் முகம் சிவந்துவிட்டது.

“ஒருவரையும் இல்லை. நான் விளக்குப் போடுகிற ஆள்” என்றேன்.

வகுப்பு ஏமாந்துபோனது. மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவளே நிமிர்ந்து, “அந்த விளக்கு இல்லாட்டி டாக்டருக்குக் கண் தெரியாது” என்று அவர்கள் பாஷையில் சத்தமாகச் சொன்னாள். போதும் எனக்கு.

ஒருவரையும் இல்லை என்று சொன்னேனே, அதைச் சொல்லும்போது தாமஸ் ஞாபகம் வந்தது. அதை அந்தப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

தாமஸ் மலையாளத்துக்காரன். என்னோடு அதே பிரிவில் இருந்தவன். ஒரு மழைநாளில் அதிகாரி ஒருவர் அவசரமாக லைனைப் போடச் சொன்னார். மேலே கம்பத்தில் தாமஸ் இருந்தான், கீழே சுவிட்சில் நான். எர்த் வயர் மண்ணில் சரியாக இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும். “சார், ஒரு நிமிஷம்” என்ற சொல் தொண்டைவரை வந்தது. ஆனால் பட்டாளத்தில் ஆர்டர் என்றால் ஆர்டர்தான். போட்டேன். தாமஸ் பிழைத்துக்கொண்டான். வலது கை மட்டும் மணிக்கட்டுவரை வெந்துவிட்டது. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். என்மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. சொன்னபடிதானே செய்தேன்.

4

மதுரையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய எனக்கு வேலை கொடுத்தவர் சாத்தூருக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் நடுவே பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த ஒரு முதலாளி. காட்டுக்குள்ளே வெள்ளையடித்த சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று எட்டத்தில். அவற்றில் வெடிமருந்து கலப்பது, குழாயில் அடைப்பது, திரி வைப்பது எல்லாம் தனித்தனியாக நடக்கும். ஓரத்தில் ஆபீசும் பெட்டி கட்டும் அறையும். கம்பெனிக்கு அப்போதுதான் மின்சாரம் வந்திருந்தது. இழுத்த லைனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். லைசென்ஸ் உள்ளவன் அந்தக் காட்டுக்கு வரமாட்டான். அதனால் லைசென்ஸ் இல்லாத நான் போனேன். காகிதத்தில் வேலையை லைசென்ஸ் உள்ள விருதுநகர் கான்ட்ராக்டர் ஒருவர் பேரில் வைத்துக்கொண்டார்கள். வருஷம் முடிந்ததும் சான்றிதழ் தருவதாகப் பேச்சு.

நல்ல முதலாளி. குரல்தான் பெரிசு. தீபாவளி சீசன் வந்தால் அந்தக் குரல் இன்னும் பெரிசாகும்.

ஆவணி பிறந்து, வடக்கேயிருந்து ஆர்டராகக் குவிந்தது. சூரியன் சாய்ந்தால் மருந்து அறைகளில் வேலை நின்றுவிடும். அங்கே எந்த விளக்கும் கூடாது என்பது சர்க்கார் சட்டம். நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது பதினோரு மாதம் முடிந்திருந்தது. ஒரு சனிக்கிழமை முதலாளி கூப்பிட்டார்.

“ராமசாமி, மருந்து ரூமுக்கு அறைக்கு ஒரு பல்பு போட்டுரு. விடியுமுன்ன ரெண்டு மணி நேரம், அந்திக்கு ரெண்டு மணி நேரம் கூட ஓட்டணும். சீசன் முடிஞ்சதும் கழட்டிருவோம்.”

“அது ஆகாது முதலாளி.”

“என்னது?”

“அந்த ரூம்ல காத்துலகூட மருந்துத் தூசி பறக்குது. வயர்ல, சுவிட்ச்சுல எங்கன பொறி வந்தாலும் ஆள் மிஞ்சாது. நான் போடமாட்டேன்.”

“ஏம்ப்பா, பட்டாளத்துல ஆபீசர்ட்டயும் இப்படித்தான் பேசுவியா?”

“அங்க பேச முடியாது முதலாளி. அதனாலதான் இங்க பேசுறேன்.”

எப்படி அந்தச் சொல் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. சொன்ன கையோடு வாசல் பக்கம் ஓரடி பின்னால் போனேன். மல்லிகா எழுதியிருக்கிறாளே, பயமே கிடையாது என்று!

“திங்கக்கிழமை விடியுறதுக்குள்ள மனசு மாறினா வா. இல்லாட்டி சிவகாசியில வேற வயர்மேன் இருக்கான். சான்றிதழ், கையெழுத்துன்னு அப்புறம் எங்கிட்ட வராதே” என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

5

வெளியே வந்தால் முத்துமாரி நின்றுகொண்டிருந்தாள். மருந்து அறையில் சல்லடையில் மருந்து சலிக்கிறவள். பக்கத்து ஊர். முன்பு அவள் வீட்டு ஆட்கள் எல்லோரும் காட்டுக்கூலிக்குப் போனவர்கள். மழை பொய்த்த பிறகு கம்பெனிக்கு வந்தார்கள். அவளோடு இன்னும் இரண்டு பெண்கள். உள்ளே நடந்த பேச்சு அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“ஏன் பட்டாளத்தய்யா, எங்க பொழப்புல மண்ணைப் போடுறீக?” என்றாள். “வெளிச்சம் வந்தா நாங்க ரெண்டு சல்லடை கூடப் போடுவோம். தீவாளிக்குப் பிள்ளைகளுக்கு ஒரு துணி எடுப்போம். உங்களுக்கென்ன, காடு கரை இருக்கு.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. தூசி, பொறி என்று பேசினால் ஆபீஸ்காரன் பேச்சாகத்தான் அவளுக்குப் படும்.

“கொஞ்சம் உள்ள வாங்க” என்று மூவரையும் ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போனேன். மருந்து அறைகளிலிருந்து அது நல்ல தூரம். கதவையும் ஜன்னலையும் சாத்தி இருட்டாக்கினேன். விளக்கைப் போட்டு, சுவரில் இருந்த சுவிட்சின் மூடியைக் கழற்றினேன்.

“நான் விளக்கை அணைப்பேன். நீங்க விளக்கைப் பார்க்காதீக. எட்டவே நின்னு இங்கன பாருங்க” என்று சுவிட்சின் உள்ளே காட்டினேன்.

அணைத்தேன். அறை இருண்ட அந்த நொடியில், சுவிட்சுக்குள்ளே கடுகளவு நீலப் பொறி ஒன்று தெறித்து மறைந்தது.

“இன்னொருக்கப் போடுங்க” என்றாள் முத்துமாரி. போட்டு அணைத்தேன். மறுபடியும் அதே நீலம்.

“ஒவ்வொரு தடவையும் வருமா?”

“ஒவ்வொரு தடவையும் வரும். மூடி போட்டிருக்கிறதால நமக்குத் தெரியாது.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த முந்தானையிலும் சாம்பல் நிறத்தில் மருந்து படிந்திருந்தது. “சல்லடையில ஒரு சிறு கல்லு உரசினாலே நாங்க மூச்சைப் பிடிச்சுக்கிடுவோம். இது போதுமேய்யா” என்றாள் மெதுவாக. பிறகு மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு வெளியே போனாள்.

6

வீட்டுக்குப் போய்ச் சுப்புத்தாயிடம் சொன்னேன். மல்லிகா அப்போது கைப்பிள்ளையை விடக் கொஞ்சம் பெரிசு, அம்மாவின் இடுப்பில் இருந்தாள்.

“ஒரு மாசம்தான் பாக்கி. இப்போ எல்லாம் போச்சு. மறுபடி முதல்லேருந்து” என்றேன்.

சுப்புத்தாய் தட்டை எடுத்துவைத்தாள். சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள். நான் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு கேட்டாள். “போடமாட்டேன்னு சொன்னப்போ தாமஸை நினைச்சீகளா?”

தாமஸைப் பற்றி ஒரே ஒருமுறை, கல்யாணமான புதிதில் அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் மறக்கவில்லை.

“ஆமா.”

“அப்போ சரி. சாப்பிடுங்க. காவல்காரன் வேலைன்னாலும் காக்கிச் சட்டை உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும்” என்று சிரித்தாள். அன்றைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது. வேலை போன மனுஷனுக்கு அப்படிப் பசிக்குமா என்று எனக்கே ஆச்சரியம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் இருக்கன்குடிக்குப் போய் அம்மனைக் கும்பிட்டு வந்தாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை என் சாமான்களை எடுத்துவரப் போனேன். கம்பெனி வாசலில் உடைமர நிழலில் அறுபது எழுபது பெண்கள் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தியும் உள்ளே போகவில்லை. புதிதாக வந்த சிவகாசி வயர்மேன் சைக்கிளில் வயர்ச் சுருளை மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். முதலாளி நடுவில்.

“வெளிச்சம் வேணும்னு கேட்டவளுகளே நீங்கதானே!” என்று கத்தினார்.

“கேட்டோம் முதலாளி” என்றாள் முத்துமாரி. “சனிக்கிழமை கரண்டைக் கண்ணால பார்த்தோம். அது உள்ள வந்தா நாங்க வரமாட்டோம். பகல்ல எம்புட்டு வேணும்னாலும் செய்யுதோம். மத்தியானம் உட்கார மாட்டோம். ஆனா விளக்கு வேண்டாம்.”

“என்னத்தைப் பார்த்தீங்க?”

அவள் என்னைக் கைகாட்டினாள். முதலாளி என்னிடம் வந்தார். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். “எனக்கும் காட்டு” என்றார்.

ஆபீஸ் அறையில் அவருக்கும் காட்டினேன். அந்த வயர்மேனும் எட்டிப் பார்த்தார். முதலாளி நாலைந்து தடவை தானே சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டார். “எம் மகனும் அந்த ரூமுக்கெல்லாம் போய் வாரானே” என்றார், யாரிடமும் இல்லாமல்.

வயர்மேன் சுருளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்த வருஷம் மருந்து அறைகளில் பகலில் மட்டும்தான் வேலை நடந்தது. விளக்கு வெளிச்சம் பெட்டி கட்டும் அறைக்கு மட்டும் என்று ஆயிற்று. அதற்கும் சுவிட்சை எட்டத்தில், வெளிச்சுவரில் வைத்தேன். பெண்கள் கேட்டு, பகல் கூலியையும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார் முதலாளி. ஆர்டரில் கொஞ்சம் விட்டுப்போயிற்று. அதற்காக எல்லோரையும் திட்டினார், என்னையும் சேர்த்து.

7

ஒரு மாதம் கழித்து முதலாளி என் சான்றிதழை எழுத உட்கார்ந்தார். மதுரை ஆபீஸ் பாரம். பெயர், வேலை, காலம் எல்லாம் நிரப்பிவிட்டு, ‘நடத்தை’ என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

“பட்டாளத்துல இதுக்கு என்ன எழுதியிருக்காக?”

“மிக நன்று.”

“பொய்யி” என்று சொல்லிவிட்டுத் தன் கையாலேயே தமிழில் எழுதினார்: ‘சொன்னதைச் செய்யமாட்டார். செய்யக்கூடாததையும் செய்யமாட்டார்.’ கீழே கையெழுத்துப் போட்டு ரப்பர் ஸ்டாம்பை ஓங்கிக் குத்தினார்.

இதைக் கொண்டுபோனால் மதுரையில் துரத்திவிடுவார்கள் என்று பயந்துகொண்டுதான் போனேன். பரீட்சையில் என்னோடு எழுதிய எல்லோருக்கும் பத்தொன்பது, இருபது வயது. வாய்மொழிப் பரீட்சை எடுத்த இன்ஜினியர் அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, “என்னய்யா இது?” என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் கேள்வித்தாளை மடக்கி வைத்துவிட்டு முழுக்கதையையும் கேட்டார். பிறகு, எர்த் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். லைசென்ஸ் வந்த அன்று சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் கருப்பட்டி மிட்டாய் வாங்கி, கண்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். முத்துமாரிக்கும் ஒரு பொட்டலம் போயிற்று.

அந்த லைசென்ஸை வைத்துத்தான் பிறகு இந்தத் தேசத்தில் வந்து வேலை பார்க்க அனுமதிச் சீட்டுக் கிடைத்தது. வந்ததும் இந்த ஆஸ்பத்திரியில் நேர்காணல். தலைமை இன்ஜினியர் வெள்ளைக்காரர், வயதானவர், அதிகம் பேசாதவர். என் காகிதங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு வந்தவர், முதலாளியின் சான்றிதழில் இருந்த தமிழ் வரியில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார்.

வேறு எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்த நேரத்தில் பொய்க்கு எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. “சொன்னதை இவன் செய்யமாட்டான். கூடாததையும் செய்யமாட்டான்” என்று, உடைந்த பாஷையில், வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். ஏன் அப்படி எழுதினார் என்று கேட்டார். மருந்து அறை, பல்பு, பெண்கள் என்று கையாலும் வாயாலும் விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“யூ வில் டூ” என்றார்.

‘நீ செய்வாய்’ என்றுதான் எனக்குப் புரிந்தது. இவ்வளவு சொல்லியும் இந்த மனுஷன் நம்மை எதையோ செய்யச் சொல்கிறாரே என்று பயமாயிருந்தது. ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்து, “எதைச் செய்யவேண்டும் என்று முதலில் சொல்லுங்கள் சார். கேட்டுவிட்டுச் சொல்கிறேன்” என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்த டைப்பிஸ்ட் கதவைத் திறந்து பார்த்தாள். அவள்தான் என்னை வெளியே கூட்டிவந்து, நிறுத்தி நிதானமாக, அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் என்ன அர்த்தம் என்று விளக்கினாள். ‘நீ சரியான ஆள்தான், உன்னை எடுத்துக்கொண்டாயிற்று’ என்று அர்த்தமாம்.